ஃபார்மேட் போடணும்னு கடையில சொல்றாங்க. விண்டோஸ் ஏறாத டெஸ்க்டாப்புல இருந்து டேலி கணக்கை எடுக்க வழி உண்டா?

தாமிரபரணிக்கரை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். வீட்டு டெஸ்க்டாப்புல விண்டோஸ் ஏற மாட்டேங்குது. சாயந்திரம் கரண்ட் போச்சு, திரும்ப வந்ததும் ஆன் பண்ணினோம். ஃபேன் சுத்துது, போர்டு லோகோ வருது, விண்டோஸ் புள்ளி வட்டமும் ரெண்டு சுத்து சுத்துது. அப்புறம் நீலத்திரை, சோக மூஞ்சி, கீழ 'இன்ஆக்சஸிபிள் பூட் டிவைஸ்'. தானா ரீஸ்டார்ட் ஆகி 'ஆட்டோமேடிக் ரிப்பேர்'னு கொஞ்ச நேரம் நிக்குது, சரிபண்ண முடியலன்னு கையை விரிச்சிட்டு மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிக்குது.

கான்ஃபிக்: ஐ3 ரெண்டாம் தலைமுறை, எச்61 போர்டு, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 10. யூபிஎஸ் பேட்டரி செத்து ரொம்ப காலம் ஆச்சு, இப்ப அது வெறும் பிளக் பாயின்ட்தான்.

ஜங்ஷன் பக்கம் ஒரு கடைக்குத் தூக்கிட்டுப் போனேன். மூடியைக் கூட கழட்டல. "ஹார்டு டிஸ்க் போயிருச்சு அண்ணாச்சி, புதுசு மாட்டி ஃபார்மேட் போட்டுருவோம், டேட்டா வராது"ன்னாங்க. திருப்பித் தூக்கிட்டு வந்துட்டேன். உள்ள வீட்டுக்காரம்மா நடத்துற பலசரக்குக் கடையோட டேலி கணக்கு இருக்கு. அப்பா டைப் பண்ணி வச்ச கோயில் கொடை வரவு செலவும் கடிதங்களும் இருக்கு. கடைசி பேக்கப் பொங்கலுக்கு எடுத்தது. யாராவது வழி சொல்லுங்க.

மல்ட்டிமீட்டர் மதுரை எழுதியது:

தூக்கிட்டு வந்தது நல்லதாப் போச்சு. ஃபார்மேட் இப்போதைக்கு வேண்டவே வேண்டாம்.

நீங்க சொன்னதை வச்சே கொஞ்சம் யோசிப்போம். லோகோ வருதுன்னா எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை), ரேம், பிராசசர், டிஸ்பிளே நாலும் தப்பிச்சாச்சு. அடுத்தது விண்டோஸ் வட்டம். அந்த வட்டம் எங்க இருந்து வருது? அதே ஹார்டு டிஸ்க்ல இருந்துதான். பயாஸ் (போர்டுலயே இருக்கிற தொடக்க சாஃப்ட்வேர்) டிஸ்கைப் படிச்சு, பூட் லோடரை எடுத்து, விண்டோஸோட மையப் பகுதியான கெர்னலை ரேமுக்கு ஏத்தியாச்சு. அது வரைக்கும் டிஸ்க் வேலை செஞ்சிருக்கு. அதுக்கப்புறம் பயாஸை விட்டுட்டுத் தன்னோட சொந்த டிரைவர் (டிஸ்கோட பேசுற சாஃப்ட்வேர்) வழியா டிஸ்கைத் தேடுது பாருங்க, அங்கதான் "காணோமே"ன்னு நிக்குது. டிஸ்க் செத்திருந்தா பெரும்பாலும் வட்டமே வந்திருக்காது, 'பூட் டிவைஸ் இல்லை'ன்னு கறுப்புத் திரையோட முடிஞ்சிருக்கும்.

மூணு விஷயம் பார்த்துச் சொல்லுங்க. ஆன் பண்ணினதும் டெலிட் கீயைத் தட்டித்தட்டி பயாஸுக்குள்ள போங்க, தேதி என்ன காட்டுது? லோகோ நேரத்துல 'எஃப்1 அழுத்து'ன்னு ஏதாவது வருதா? டிஸ்க்ல இருந்து டக் டக்னு சத்தம் கேக்குதா?

வேகமுயல் எழுதியது:

இதுக்குப் போய் இவ்வளவு பேச்சா ப்ரோ. விண்டோஸ் பென்டிரைவ் போட்டு ரிப்பேர் போங்க, கமாண்ட் பிராம்ப்ட்ல பூட்ரெக் ஃபிக்ஸ்எம்பிஆர், அப்புறம் ரீபில்ட்பிசிடி. அதுலயும் வரலன்னா செக்டிஸ்க் ஸ்லாஷ் ஆர். அஞ்சு நிமிஷ வேலை.

கோவை மின்ட் எழுதியது:

வேகமுயல் தம்பி, செக்டிஸ்க் ஸ்லாஷ் ஆர் 500 ஜிபி பழைய டிஸ்க்ல அஞ்சு நிமிஷத்துல முடியாது, ராத்திரி பூரா ஓடும். அதை விடுங்க. டேட்டா இன்னும் வெளிய வரல. அந்த நிலையில டிஸ்க் மேல எழுதுற எந்த வேலையும் செய்யக்கூடாது. செக்டிஸ்க் பண்றது ஃபைல் சிஸ்டத்தைச் சரிபண்றது. அதுக்கு உங்க ஃபைலைக் காப்பாத்தணும்னு கட்டாயம் கிடையாது. ஒரு ஃபைல் பாதி படிக்க வரலன்னா துண்டு துண்டா வெட்டி 'ஃபவுண்ட்' ஃபோல்டருக்குள்ள போட்டுட்டு "எல்லாம் சரி"ன்னு சொல்லும். சாகக் கிடக்கிற டிஸ்கா இருந்தா, அத்தனை செக்டரையும் (டிஸ்கோட சின்னச் சின்னக் கட்டத்தை) படிக்க வச்சே கொன்னுரும்.

தாமிரபரணிக்கரை, ரிப்பேர் திரையில 'ரீசெட் திஸ் பிசி'ன்னும் ஒரு பொத்தான் இருக்கும். 'என் ஃபைல்களை வச்சுக்கோ'ன்னு ஆசை காட்டும். வீட்டுல யாரும் அதைத் தொட வேண்டாம். அது விண்டோஸை மறுபடி போட்டு, நீங்க போட்ட புரோகிராமை எல்லாம் தூக்கிடும்.

தாமிரபரணிக்கரை எழுதியது:

மதுரை சார், பார்த்துட்டேன். பயாஸ்ல தேதி 2011 ஜனவரி 1! எஃப்1 சமாச்சாரம் எனக்கே தெரியாது, பையனைக் கேட்டேன். "ஆமா, கொஞ்ச நாளாவே காலையில 'சிமாஸ் செக்சம் எரர்'னு வரும், நான் எஃப்1 அடிச்சுட்டுப் போயிருவேன்"ங்கான். பேங்க் சைட் 'இணைப்பு பாதுகாப்பானது இல்லை'ன்னு அடம்பிடிச்சதுக்கும் இதுதான் காரணமோ? நான் நெட் கோளாறுன்னு விட்டுட்டேன். டக் டக் சத்தம் எல்லாம் இல்லை.

மல்ட்டிமீட்டர் மதுரை எழுதியது:

பையன் கையில ஆதாரத்தை வச்சுக்கிட்டுப் பேசாம இருந்திருக்கான் :)

போர்டுல காசு மாதிரி ஒரு பேட்டரி இருக்கும், சிஆர் 2032, 3 வோல்ட். கம்ப்யூட்டர் ஆஃப்ல இருக்கும்போது கடிகாரத்தையும் பயாஸ் செட்டிங்கையும் ('சிமாஸ்'ங்கிறது அதைத்தான்) காப்பாத்துறது அதுதான். சுவர் சுவிட்ச் ஆன்ல இருந்தா எஸ்எம்பிஎஸ் கொடுக்கிற ஸ்டாண்ட்பை கரண்ட்டே போதும், பேட்டரி அவ்வளவாத் தேயாது. நம்ம வீடுகள்ல ராத்திரி மெயின் சுவிட்சை அணைச்சுட்டுத்தான் படுப்போம், நீங்களும் அப்படித்தான்னு நினைக்கிறேன். அதனால சீக்கிரம் தேஞ்சிருக்கும். தேஞ்ச பேட்டரியோட கரண்ட் போனா பயாஸ் எல்லாத்தையும் மறந்துட்டு கம்பெனி செட்டிங்குக்குத் திரும்பிடும். தேதி தப்பானா பேங்க் சைட்டோட சர்ட்டிஃபிகேட் இன்னும் பிறக்கவே இல்லைன்னு பிரவுசர் நினைக்கும். அதுக்குத்தான் அந்த எச்சரிக்கை.

இப்ப நீலத்திரைக்கு வருவோம். பயாஸ்ல 'சாட்டா மோட்'னு ஒண்ணு உண்டு, போர்டு டிஸ்கோட எந்த முறையில பேசணும்னு சொல்றது: ஐடிஇ (பழைய முறை), ஏஹெச்சிஐ (புது முறை). எச்61 காலத்துப் போர்டுகள்ல பலதுக்கு கம்பெனி செட்டிங் ஐடிஇ. விண்டோஸ் 10 போட்ட ஆள் ஏஹெச்சிஐக்கு மாத்திட்டுப் போட்டிருப்பார். விண்டோஸ் தான் ஏறும்போது எந்த டிரைவர் தேவையோ அதை மட்டும் விழிக்க வச்சுட்டு மத்ததைத் தூங்க வச்சிடும். இப்போ பயாஸ் ஐடிஇக்குப் போயிட்டதால, விண்டோஸ் தெரிஞ்ச கதவைத் தட்டுது, அங்க டிஸ்க் இல்லை.

முதல் வேலையா பயாஸ்ல அது என்ன காட்டுதுன்னு மட்டும் பாருங்க. மாத்தாதீங்க.

தாமிரபரணிக்கரை எழுதியது:

ஐடிஇன்னுதான் இருக்கு சார். கை துறுதுறுங்குது. மாத்தட்டுமா?

கோவை மின்ட் எழுதியது:

கொஞ்சம் பொறுங்க அண்ணாச்சி. மதுரைக்காரர் சொன்ன காரணம் நூத்துக்கு நூறு சரியாத்தான் இருக்கும், அதுல எனக்குச் சண்டை இல்லை. ஆனா மாத்தின உடனே விண்டோஸ் ஏறும். ஏறின உடனே அது சும்மா இருக்காது. பேஜ் ஃபைல் (ரேம் பத்தாதப்ப டிஸ்க்ல எழுதுறது), அப்டேட், பாதியில நின்ன டிஸ்க் செக் எல்லாம் எழுத ஆரம்பிக்கும். டிஸ்க் வயசு பத்துக்கு மேல, கரண்ட் வெட்டு வேற. அது நல்லா இருக்கான்னு நாம இன்னும் பார்க்கவே இல்லை.

மல்ட்டிமீட்டர் மதுரை எழுதியது:

பயாஸ் செட்டிங் மாத்துறதுல டிஸ்க்ல ஒரு பிட் கூட எழுதாது, நான் என்னோட மெஷினா இருந்தா மாத்திட்டே போயிருவேன். ஆனா பொங்கலுக்கு அப்புறம் பேக்கப் இல்லைன்னு சொல்றார், கடைக் கணக்கு வேற. இந்த விஷயத்துல கோவை சொல்றபடியே போங்க.

கோவை மின்ட் எழுதியது:

நன்றி தலைவா. அண்ணாச்சி, வேற கம்ப்யூட்டர் இல்லாட்டியும் கவலை இல்லை. ஆண்ட்ராய்டு போன்ல 'எட்ச்டிராய்ட்'னு ஒரு ஆப் இருக்கு. ஓடிஜி கேபிள்ல 8 ஜிபி பென்டிரைவைச் சொருகி, விண்டோஸ் இல்லாமலே பென்டிரைவ்ல இருந்து ஓடுற லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ ஐஎஸ்ஓவை (முழு சிஸ்டமும் அடங்கின ஒரே ஃபைல்) டவுன்லோட் பண்ணி அதுல எழுதிடலாம். 4 ஜிபி ரேமுக்கு அந்தப் பதிப்பு லேசா ஓடும். பென்டிரைவ்ல இருக்கிறது எல்லாம் அழியும், கல்யாண போட்டோ இருக்கிறதை எடுக்காதீங்க. (விண்டோஸ் ஐஎஸ்ஓவுக்கு இந்த ஆப் ஆகாது, லினக்ஸுக்கு மட்டும்.)

பென்டிரைவைச் சொருகி ஆன் பண்ணி பூட் மெனு கீயைத் தட்டுங்க. போர்டுக்குப் போர்டு மாறும், எஃப்12, எஃப்11, எஃப்8 மூணுல ஒண்ணு பெரும்பாலும் வேலை செய்யும். மின்ட் டெஸ்க்டாப் வந்ததும் திரையில 'இன்ஸ்டால்'னு ஒரு ஐகான் சிரிச்சுக்கிட்டு நிக்கும். அது பக்கமே போகாதீங்க. லினக்ஸுக்கு ஐடிஇ, ஏஹெச்சிஐ ரெண்டுக்கும் டிரைவர் உள்ளயே இருக்கு, அதனால பயாஸை மாத்தாமலே உங்க டிஸ்க் தெரியும்.

மெனுவில 'டிஸ்க்ஸ்'னு தேடித் திறங்க, 500 ஜிபி டிஸ்கைத் தேர்ந்தெடுத்து ஸ்மார்ட் டேட்டா (டிஸ்க் தன் நிலைமையைத் தானே குறிச்சு வைக்கிறது) பாருங்க. ரெண்டே வரி போதும்: 5ஆம் எண், 'ரீஅலோகேட்டட் செக்டர்', செத்துப்போய் மாத்து இடம் கொடுத்த செக்டர் கணக்கு. 197ஆம் எண், 'கரண்ட் பெண்டிங் செக்டர்', படிக்க முடியாம இழுத்துக்கிட்டிருக்கிற செக்டர் கணக்கு. ரெண்டும் பூஜ்யம்னா நிம்மதியா காப்பி பண்ணுங்க. 197 ஒத்தை இலக்கத்துல இருந்தா முக்கியமான ஃபோல்டரை முதல்ல எடுங்க. நூத்துக்கணக்குல இருந்தா கை வைக்காம இங்க வந்து சொல்லுங்க, டிடிரெஸ்க்யூ வச்சு முழு டிஸ்கையும் ஒரு நகலா எடுத்துட்டு அந்த நகல்ல வேலை செய்வோம். அது முரண்டு பிடிக்கிற இடத்தைத் தாண்டிப் போய் நல்ல பகுதியை முதல்ல அள்ளிட்டு, கடைசியாத்தான் கெட்ட இடத்துக்குத் திரும்பி வரும்.

விண்டோஸ் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்'ல தூங்கிக்கிட்டிருந்தா சி டிரைவ் 'படிக்க மட்டும்'னு திறக்கும். நமக்கு அதுதானே வேணும், பயப்படாதீங்க.

கணக்குப்புள்ள எழுதியது:

அண்ணா, ஒரு விஷயம். எல்லாரும் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் மட்டும் காப்பி பண்ணிட்டு வந்துடுறாங்க, டேலியை விட்டுடுறாங்க. டேலி டேட்டா யூசர் ஃபோல்டருக்குள்ள இருக்கணும்னு கட்டாயம் இல்லை. பழைய டேலி ஈஆர்பி 9னா பெரும்பாலும் சி டிரைவ்லயே டேலி ஃபோல்டருக்குள்ள 'டேட்டா'ன்னு இருக்கும். டேலி பிரைம்னா யூசர்ஸ், பப்ளிக் வழியாப் பாருங்க. அதுக்குள்ள கம்பெனிக்கு ஒண்ணா வெறும் எண்ணே பேரா இருக்கிற ஃபோல்டர்கள் இருக்கும். பேரு புரியலையேன்னு விட்டுடாதீங்க, அதுதான் உங்க கணக்கு. 'டேட்டா' ஃபோல்டரை அப்படியே முழுசா எடுங்க.

யாழ்வாசி எழுதியது:

வணக்கம் அண்ணை. அப்பா தட்டி வைத்த கடிதங்கள் எண்டு சொன்னீங்கள், அவர் எந்த எழுத்துருவிலை தட்டினவர்? எங்கடை வீட்டிலை எல்லாம் பாமினியிலை தான். கோப்பை மட்டும் எடுத்துக்கொண்டு போய் வேற கணனியிலை திறந்தால் முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாத் தான் தெரியும். கோப்பு பழுதாப் போச்சு எண்டு நினைச்சு அழிச்ச ஆக்களை எனக்குத் தெரியும். அது பழுதில்லை, எழுத்துரு இல்லை, அவ்வளவுதான். விண்டோஸ் ஃபோல்டருக்குள்ள 'ஃபொண்ட்ஸ்' எண்டு இருக்கும், அதையும் சேர்த்து எடுங்கோ. பிறகு ஆறுதலா யூனிகோட்டுக்கு மாத்தலாம்.

தாமிரபரணிக்கரை எழுதியது:

யாழ்வாசி தம்பி, நல்ல நேரத்துல சொன்னீங்க. அப்பா வானவில்லுல அடிச்சது. எழுத்துருவும் எடுக்கணும்னு எனக்குத் தோணியே இருக்காது.

நிலவரம் இதுதான். மின்ட் வந்துருச்சு. 5ஆம் எண் பூஜ்யம், 197ல 8. டேலி டேட்டா, அப்பாவோட ஃபோல்டர், ஃபான்ட்ஸ், போட்டோ இந்த வரிசையில எக்ஸ்டர்னல் டிஸ்க்குக்கு எடுத்தேன். மச்சினன் கல்யாண வீடியோ ஒண்ணு மட்டும் பாதியில 'இன்புட் அவுட்புட் எரர்'னு நின்னுட்டு. அது மச்சினன்கிட்டயே இருக்கும். டேலி ஃபோல்டரைக் கடைக்குப் பக்கத்து ஆடிட்டர் ஆபீஸ்ல திறந்து பார்த்தாச்சு, நேத்து சாயந்திரம் போட்ட பில் வரைக்கும் இருக்கு.

இப்பவாவது மாத்தலாமா?

மல்ட்டிமீட்டர் மதுரை எழுதியது:

தாராளமா. ஆனா முதல்ல பேட்டரி, அப்புறம் செட்டிங். தலைகீழாப் பண்ணினா பேட்டரி மாத்தும்போது மறுபடி மறந்துடும், ரெண்டு வேலை.

சுவர் பிளக்கைப் பிடுங்கிட்டு பவர் பட்டனை ஒரு தடவை அழுத்திப் பிடிங்க, மிச்சம் இருக்கிற கரண்ட் இறங்கட்டும். கேபினெட் இரும்பைத் தொட்டுட்டுக் கை வைங்க. பேட்டரி பக்கத்துல ஒரு சின்னக் கொக்கி இருக்கும், அதை நகத்தால தள்ளினா துள்ளி வரும். ஸ்க்ரூடிரைவர் வச்சு நெம்பி போர்டைக் கீறிடாதீங்க. புதுசை பிளஸ் குறி மேல தெரியற மாதிரி வைங்க. சிஆர் 2032ன்னே கேட்டு வாங்குங்க. 2025ம் அதே அகலம்தான், ஆனா தடிப்பு கம்மி, சரியா உக்காராது.

அப்புறம் பயாஸ்ல தேதி, சாட்டா மோட் ஏஹெச்சிஐ, பூட் வரிசையில ஹார்டு டிஸ்க் முதல்ல. எஃப்10 அடிச்சு சேவ்.

தாமிரபரணிக்கரை எழுதியது:

ஏறிட்டு!! நீலத்திரை இல்லை, ரிப்பேர் இல்லை, நேரா டெஸ்க்டாப். பழைய பேட்டரியை மீட்டர்ல வச்சுப் பார்த்தேன், 2.1 வோல்ட்தான் காட்டுச்சு. வீட்டுக்காரம்மா "இந்தச் சின்ன வில்லைக்கா புது டிஸ்க் வாங்கச் சொன்னான் அந்தக் கடைக்காரன்"னு கேட்டுக்கிட்டு இருக்கா.

சர்வீஸ்காரன் எழுதியது:

இவ்வளவு நேரம் படிச்சுட்டுதான் இருந்தேன். நானும் கடை வச்சிருக்கிறவன், அந்தக் கடைக்காரருக்காக வக்காலத்து வாங்கல, மூடியைக் கழட்டாம டிஸ்க் போச்சுன்னு சொன்னது தப்புதான். ஆனா நடைமுறையைச் சொல்றேன். ஃபார்மேட்டுக்குக் காசு கொடுக்கிற கஸ்டமர், "ஒரு மணி நேரம் பார்த்தேன், பேட்டரி மட்டும்தான்"னு சொன்னா "ஒரு பேட்டரிக்கு எதுக்கு இவ்வளவு?"ன்னு சண்டைக்கு வருவார். பார்த்ததுக்குக் கூலி கிடையாது, போட்டதுக்குத்தான் கூலி. அதனாலதான் எல்லாக் கடையிலயும் வாய்ல முதல்ல ஃபார்மேட் வருது. கொடுக்கும்போதே "டேட்டா வேணும், கண்டுபிடிக்கிறதுக்குத் தனியா தர்றேன்"னு சொல்லிக் கொடுங்க, அதே ஆள் வேற மாதிரி வேலை பார்ப்பார்.

அப்புறம், 197ல 8 இருக்கிற டிஸ்கை நம்பி டேலி ஓட்டாதீங்க. அதுக்குப் பதிலா ஒரு எஸ்எஸ்டி (சுத்தாத, வேகமான டிஸ்க்) போட்டுடுங்க, அந்த ஐ3 புதுசு மாதிரி ஓடும். விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட் முடிஞ்சது, இந்தப் பிராசசர்ல விண்டோஸ் 11 முறையா ஏறாது. டேலிக்கு மட்டும் இதை வச்சுக்கிட்டு பேங்க் வேலையைப் போன்ல பாருங்க.

இருட்டுத்திரை எழுதியது:

இழைக்குள்ள நுழையறதுக்கு மன்னிக்கணும். எனக்கு லோகோவே வரல. ஃபேன் சுத்துது, திரை இருட்டு. இதுவும் பேட்டரியா?

மல்ட்டிமீட்டர் மதுரை எழுதியது:

உங்களோடது வேற வியாதி. ரேமைக் கழட்டிட்டு ஆன் பண்ணுங்க. போர்டுல ஸ்பீக்கர் இருந்து பீப் பீப்னு கத்தினா போர்டும் பிராசசரும் உயிரோட இருக்கு, ரேமையோ ஸ்லாட்டையோ சந்தேகப்படலாம். பிளக்கைப் பிடுங்கிட்டு, ரேமோட தங்க நிறப் பல்லைத் துடைச்சு, ஒத்தை ரேமை ஒவ்வொரு ஸ்லாட்டா மாத்திப் பாருங்க. ரப்பர் போட்டுத் தேய்க்கிறது நம்ம ஊர் வழக்கம். அந்தத் துகள் ஸ்லாட்டுக்குள்ள விழாம இருந்தா சரி, ஐபிஏ (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) இருந்தா அதுவே மேல். தனி கிராஃபிக்ஸ் கார்டு இருந்தா கேபிளை அதுலதான் சொருகியிருக்கீங்களான்னும் பாருங்க, சிரிக்காதீங்க. எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் பிரிக்காதீங்க, பிளக் பிடுங்கின பிறகும் உள்ள கெப்பாசிட்டர்ல ஷாக் அடிக்கிற அளவுக்குக் கரண்ட் நிக்கும்.

இருட்டுத்திரை எழுதியது:

ரெண்டாவது ஸ்லாட்ல வந்துருச்சு சார். முதல் ஸ்லாட்ல ஒரு பூச்சி செத்துக் கிடந்தது.

பெட்டகம் எழுதியது:

என்னோட பிரச்சினையையும் இங்கயே கேட்டுடறேன். லேப்டாப், விண்டோஸ் 11 ஹோம். பூட் ஆகல, நானும் பயாஸ்ல 'டிஃபால்ட்'னு ஒண்ணைத் தட்டினேன், இப்ப நீலத்திரையில 'பிட்லாக்கர் ரெக்கவரி கீ' கேக்குது. நான் எந்தப் பூட்டும் போடலையே! கோவை சொன்ன மாதிரி மின்ட்ல ஏத்தினா டிஸ்க் தெரியுது, திறக்க மாட்டேங்குது.

கோவை மின்ட் எழுதியது:

நீங்க போடல, விண்டோஸே போட்டிருக்கு. மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல நுழைஞ்சு செட்டப் பண்ணின புது லேப்டாப்கள்ல 'டிவைஸ் என்கிரிப்ஷன்' (பிட்லாக்கர் வச்சு டிஸ்கைப் பூட்டுறது) தானாவே ஆன் ஆகும். பயாஸ் செட்டிங் மாறினதும் உள்ள இருக்கிற, சாவியைக் காவல் காக்கிற டிபிஎம் சிப் சந்தேகப்பட்டு சாவியைத் தராம நிறுத்திடுச்சு. அந்தச் சாவி 48 இலக்கம். அது இல்லாம லினக்ஸ் இல்ல, யாராலயும் திறக்க முடியாது. "நாங்க எடுத்துத் தர்றோம்"னு ஒரு கடை சொன்னா பணத்தைப் பத்திரமா வச்சுக்கோங்க.

போன்ல மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல நுழைஞ்சு, டிவைஸ் பக்கத்துல ரெக்கவரி கீ இருக்கான்னு பாருங்க. நீலத்திரையில 'கீ ஐடி'ன்னு ஒண்ணு தெரியும், அதோட முதல் எட்டு எழுத்து பொருந்தற சாவிதான் உங்களோடது.

பெட்டகம் எழுதியது:

என் அக்கவுண்ட்ல ஒண்ணுமே இல்லை.

சர்வீஸ்காரன் எழுதியது:

லேப்டாப் வாங்கினப்ப முதல்ல ஆன் பண்ணி செட்டப் போட்டது யாரு? அவங்க மெயில்ல பாருங்க.

பெட்டகம் எழுதியது:

அக்கா பையன். சென்னையில இருக்கான், இப்பத்தான் போன் போட்டேன். அவன் அக்கவுண்ட்லதான் இருந்திருக்கு, வாட்ஸ்அப்ல அனுப்பினான், திறந்துருச்சு! இப்ப எல்லாத்தையும் வெளிய எடுத்துக்கிட்டு இருக்கேன். முடிஞ்சதும் என் பேர்ல அக்கவுண்ட் மாத்தி, சாவியை டைரியிலயும் எழுதி வைக்கச் சொல்லியிருக்கான்.